ஒரு கை மட்டும் உயிரோடு

எனக்கு மயக்கம் கொடுத்துத்தான் அறுத்தார்கள் என்று ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் எழுதியிருக்கிறது. அறுத்தது வரைக்கும் அது சரி.

வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். முதல் ஆபரேஷன் குடல்வாலுக்கு. எழுபத்தொன்றில், பட்டணத்தில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில். ஊசி போட்டார்கள், கண் செருகியது, அதோடு சரி என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டில் ஆயுதங்கள் உரசுகிற சத்தம் கேட்டது. முடிந்துவிட்டது போல, எழுப்புகிறார்கள் என்று கண்ணைத் திறக்கப் பார்த்தேன். கண் திறக்கவில்லை. விரலை அசைத்தேன். விரல் என்னுடையதாக இல்லை. மூச்சுகூட நான் விடவில்லை, யாரோ பையை அமுக்கி எனக்காக விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கத்தி வயிற்றில் இறங்கியது.

அந்த வலியை எழுதிக் காட்ட முடியாது. நான் முயற்சி செய்யவும் போவதில்லை. அறுத்தவர் அறுத்துக்கொண்டே, இந்த வருஷம் பங்கனபள்ளி மாம்பழம் புளிக்கிறது என்று யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டிருந்தார். அதை மட்டும் எழுதலாம்.

வெளியே வந்து சொன்னபோது யாரும் நம்பவில்லை. டாக்டர் "கனவும்மா" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் அய்யாசாமி அதையே வேறுமாதிரி சொன்னார்.

"பல்லு புடுங்கறப்போவே நான் ஊரைக் கூட்டினேன். வயித்த அறுத்தா நீ சும்மாவா படுத்துகினு இருந்தே?"

"கத்த வாய் எங்கங்க இருந்துச்சு?"

"வாய் எங்கே பூடும்? மூஞ்சிலதான கீது."

அவர் கிண்டல் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. நான் தூக்கத்தில் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டே படுப்பதையும், பாரிவாக்கம் சந்தையில் மாம்பழக் கூடையைப் பார்த்து வாந்தியெடுத்ததையும் பார்த்த பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. இனி எந்தக் காரணத்துக்கும் அந்த மேஜையில் படுப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

எழுபத்தைந்து சித்திரையில் அந்த முடிவுக்குச் சோதனை வந்தது. வலது விலாவுக்குக் கீழே குத்தல், சாப்பிட்டால் வாந்தி, பிறகு கண் மஞ்சளாகிவிட்டது. பூந்தமல்லி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பித்தப்பையில் கல், எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் சீழ் பிடித்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார். நான் மாட்டேன் என்றேன். கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன். மஞ்சள் நகத்துக்கும் ஏறியது.

அய்யாசாமிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அவரோடு வேலை பார்த்த செபாஸ்டியன் என்பவர்தான் அவரிடம் ஒரு செய்தியைச் சொல்லி அனுப்பினார்.

"காட்டுப்பாக்கத்தாண்ட ஒரு ஆஸ்பத்திரி கீதாம். அங்க ஒரு டாக்டரு, மயக்கம் குடுத்தா ஆளு தூங்குதா முழிச்சுகினு கீதான்னு மூளையவே பாத்து சொல்லிடுவாராம். அதுக்கு மிஷினு கீதாம்."

"மூளையை எப்படிங்க பாப்பாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? நீ இப்டியே மஞ்சக்கெழங்கு மாதிரி படுத்துகினு இருந்தா, கொஞ்ச நாள்ல நான் உன் படத்துக்குத்தான் மாலை போட்டுகினு இருக்கணும். வா, போயி பாக்கலாம்."

அந்த டாக்டர் பெயர் பாஸ்கல். மயக்கம் கொடுப்பதற்கென்றே படித்தவர். ஒல்லியான ஆள், பேசும்போது கை சும்மா இருக்காது. நான் சொல்லச் சொல்ல அவர் சிரிக்கவில்லை. மாம்பழ விஷயம் வந்தபோது நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"நீங்க கத்தல. கத்த முடியாது. தூங்க வைக்க ஒரு மருந்து, உடம்பு அசையாம இருக்க ஒரு மருந்து, ரெண்டு தர்றோம். தூக்க மருந்து பத்தாம போச்சுன்னா இன்னொண்ணு உங்களை உள்ளேயே கட்டிப் போட்டுடும். வெளியே இருந்து பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆள் அமைதியா படுத்திருக்கும்."

நாலு வருஷமாக நான் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை ஒரு மனிதர் இவ்வளவு சுலபமாகச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அய்யாசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மெஷினைக் காட்டினார். ஆர்மோனியப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே வரிசையாக மெல்லிய பேனா முட்கள். அதற்கடியில் மடிப்பு மடிப்பாகக் காகிதம் நகர்ந்துகொண்டே இருக்கும். பெட்டியிலிருந்து வண்ண வண்ண ஒயர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளித் தகடு. அதைத் தலையில் பசை வைத்து ஒட்டுவார்களாம். மண்டைக்குள் ஓடுகிற மின்சாரத்தைப் பேனா எழுதுமாம்.

"முழிச்சிருந்தா கோழி மண்ணைக் கிளறின மாதிரி பொடிப்பொடியா விழும். நல்லாத் தூங்கினா மலை மாதிரி, பெரிசு பெரிசா, நிதானமா வரும். உங்க வாய் பேச வேண்டாம். இது பேசும். மலை வந்தா தூக்கம். கிளறல் வந்தா நான் உடனே மயக்க வாயுவைக் கூட்டிடுவேன்."

"எத்தனை பேருக்கு வெச்சுப் பாத்துருக்கீங்க?"

"கொஞ்சம் பேருக்கு. எல்லாருக்கும் மலைதான். அருமையான மலை." அவர் அலமாரியைத் திறந்து காகிதக் கட்டுகளைக் காட்டினார். "ஏற்கெனவே முழிச்சிருந்த ஒருத்தர் கிடைக்க மாட்டாங்களான்னு பாத்துகிட்டே இருந்தேன். டெல்லியில ஒரு மாநாடு வருது. நீங்க தூங்கிட்டீங்கன்னா அதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம்."

அந்தக் கடைசிப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என்னை நம்பிய முதல் டாக்டர் அவர்தான்.

அந்த மெஷினோடு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மாள் மாங்காட்டில் இருப்பதாக நர்ஸ் ஞானகுமாரி சொன்னாள். பெயர் அங்கம்மா. கர்ப்பப்பை எடுத்தவர். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். கோயிலுக்குப் பின்னால் வீடு. குண்டான, கலகலப்பான மனுஷி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

"நல்லாத் தூங்குனீங்களா அக்கா?"

"ஐயோ, கும்பகர்ணி மாதிரி தூங்கினேனாம். டாக்டரே காயிதத்துல காட்டுனாரு."

"உங்களுக்கு என்ன ஞாபகம்?"

"எனக்கு இன்னா ஞாபகம்? ஊசி போட்டாங்க, முழிச்சா வார்டுல கீறேன். ஒண்ணுமே தெரியல கண்ணு. நீ பயப்படாம போ. மாங்காட்டம்மா நெருப்புல ஒத்தக் கால்ல நின்னா, நமக்குப் படுக்கறதுக்கு இன்னா?"

கிளம்பும்போது அவர் மருமகள் வாசல் வரைக்கும் வந்தாள். "அத்தை அங்க போயி வந்ததுலேர்ந்து படுக்கறதே இல்லக்கா," என்றாள். "உக்காந்துகினேதான் தூங்குது. மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுதாம். கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுது. டாக்டராண்ட கேட்டுச் சொல்றியா?"

பஸ்ஸில் அய்யாசாமி, வயதானால் அப்படித்தான், பாதிப் பேருக்கு வாயுத் தொல்லை என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். தூங்குவேனா, மாட்டேனா. அதற்கு அந்த அம்மாள் தூங்கினேன் என்று பதில் சொல்லிவிட்டார். அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அக்னி நட்சத்திரத்தில் ஆபரேஷன் வைத்தார்கள். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, அந்தக் குளிர் இதமாக இருந்தது. தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பசை தடவி வெள்ளித் தகடுகளை ஒட்டினார்கள். மெஷினைப் போட்டதும் பேனாக்கள் எல்லாம் ஒரே மாதிரி நடுங்கின.

"ஏ.சி. ஓடினா இந்த லைன்ல மெஷினுக்குப் பிடிக்காது," என்றார் பாஸ்கல். "அதை நிறுத்துங்க."

"இந்த வெயில்லயா?" என்று கேட்டார் சர்ஜன். வயசான, நல்ல பெயரெடுத்த மனிதர்.

"எப்பவும் நிறுத்திட்டுத்தானே சார் செய்யறோம். சுத்தமான அலை வேணும்."

ஏ.சி. நின்றது. ஜன்னல்கள் ஏற்கெனவே அடைத்திருந்தன. ஞானகுமாரி என் உள்ளங்கையில் இருந்த மாங்காட்டுக் கோயில் எலுமிச்சம்பழத்தை எடுத்து, "வெளிய அண்ணன்கிட்ட குடுத்துடறேன்க்கா," என்றாள். பாஸ்கல் குனிந்து, "இன்னிக்கு உங்க மூளை எங்கிட்ட நேராப் பேசும். தைரியமா இருங்க," என்றார். ஊசி ஏறியது.

சத்தம்தான் முதலில் வந்தது.

பேனாக்கள் காகிதத்தில் போகும் சத்தம். சர்... சர்... என்று நிதானமாக. அப்புறம் பை அமுங்கும் சத்தம். அப்புறம் வயிற்றுக்குள், விலாவுக்கு அடியில், ஒரு இரும்பு எதையோ ஒதுக்கிப் பிடித்தது.

விரலை அசைத்தேன். விரல் இல்லை.

நான் உடனே பயந்துவிடவில்லை என்று சொன்னால் நம்ப வேண்டும். இந்தத் தடவை மெஷின் இருக்கிறதே. இப்போதே எழுதியிருக்கும், இப்போதே பார்த்துவிடுவார், இதோ வாயுவைக் கூட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் குரல் தலைக்கு மேலேயே கேட்டது.

"பாருங்க சார், எப்படி மலை! இந்த மாதிரி தூக்கம் நான் பாத்ததே இல்ல."

நான்தான், நான் இங்கேதான் இருக்கிறேன், என்று உள்ளே கத்தினேன். இரும்பு இன்னும் ஆழமாகப் போனது. நெற்றியிலிருந்து வேர்வை வகிட்டுக்குள் ஓடுவது தெரிந்தது. காதுக்குப் பின்னால், பிடரியில், ஒட்டியிருந்த தகடுகளுக்கு அடியில் எல்லாம் ஈரம். பயம் ஏற ஏற வேர்வை ஏறியது.

பேனாக்களின் சத்தம் மாறியது. முன்னைவிட நீளமான இழுப்பு. சர்ர்ர்... சர்ர்ர்...

"இன்னும் பெரிசாகுது," என்றார் பாஸ்கல். "ரொம்ப ஆழமாப் போறாங்க. இவ்வளவு வேண்டாம். வாயுவைக் கொஞ்சம் குறைக்கறேன்."

குறைத்தார். மூடிய அறையில் திடீரென்று விளக்குப் போட்டதுபோல எல்லாம் தெளிவானது. சத்தம் கிட்டே வந்தது, வலியும் கிட்டே வந்தது. எனக்கு உடம்பே தண்ணீரானது.

"டாக்டர், பேஷண்டுக்கு ரொம்ப வேர்க்குது," என்றாள் ஞானகுமாரி.

"எனக்கும்தான் வேர்க்குது. உங்களுக்கும்தான் வேர்க்குது. ஏ.சி. இல்லல்ல?"

"நாடி வேகமா இருக்கு டாக்டர்."

"பித்தப்பையை இழுத்தா அப்படித்தான். அலையைப் பாருங்க சிஸ்டர். அலை பொய் சொல்லாது."

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. இதில் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை, சத்தத்தையும் பேச்சையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். எனக்குப் பயம் வந்தால் வேர்க்கிறது. வேர்த்தால் தகடு நனைகிறது. நனைந்தால் பேனா மலை போடுகிறது. மலையைப் பார்த்தால் அவர் வாயுவைக் குறைக்கிறார். குறைத்தால் எனக்குப் பயம். செக்கு மாடு மாதிரி அதுவே சுற்றிச் சுற்றி வந்தது. அதை நிறுத்த ஒரே வழி, நான் பயப்படாமல் இருப்பது. வயிற்றுக்குள் கை இருக்கும்போது.

முயற்சி செய்தேன். வேலை பார்க்கிற கம்பெனியில் நான் தினமும் எழுதுகிற கடிதங்களின் வரிகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எழுதினேன். பார்வையில் காணும் தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் புகார் கவனத்தில் கொள்ளப்பட்டது. தக்க நடவடிக்கை எடுக்கப்படும். அதற்குள் ஏதோ ஒன்றை வெட்டினார்கள்.

"அருமை," என்றார் பாஸ்கல். "இன்னும் குறைக்கலாம்."

சர்ஜன்தான் கடைசியில் எரிந்து விழுந்தார். "பாஸ்கல், கண்ணாடியில வேர்வை இறங்குது. எனக்குக் குழாயே தெரியல. வயத்துக்குள்ள சொட்டப் போகுது. ஏ.சி.யைப் போடுய்யா."

ஏ.சி. உறுமிக்கொண்டு எழுந்தது. காற்று நெற்றியில் பட்டது. வேர்வை மெல்ல மெல்ல இறுகிக் காய்ந்தது. பேனாச் சத்தம் மாறுவதைக் கேட்டேன். நீள இழுப்பு சிறுத்தது, உடைந்தது, கடைசியில் பொடிப்பொடியாகக் கிளறத் தொடங்கியது. கோழி மாதிரி. எழுதிவிட்டது என்று நினைத்தேன். அப்பாடா, என்னை எழுதிவிட்டது.

"ஏ.சி. வந்ததும் நடுக்கம் ஆரம்பிச்சுடுச்சு பாருங்க," என்றார் பாஸ்கல். "இனி இது படிக்க லாயக்கில்ல. நிறுத்திடுங்க."

பேனாக்கள் நின்றுவிட்டன.

அந்த நிமிஷம்போல ஒரு நிமிஷம் எனக்கு முதல் ஆபரேஷனிலும் இல்லை. ஆனால் காகிதம் இல்லாததால் அவருக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லாமல் போனது. கண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை அவர் விரல் தூக்கியது. வெளிச்சம். ஓரத்தில் தேங்கியிருந்த தண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"ஐயோ," என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. வாயு வந்தது. எல்லாம் அணைந்தது.

மறுநாள் வார்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் கலக்கம் இருந்தாலும், கையில் காகிதக் கட்டு இருந்தது. கடைசியில் லேசாக விழித்திருப்பீர்கள், அதுவரைக்கும் நல்ல தூக்கம், இதோ பாருங்கள் என்று கட்டிலில் விரித்தார். தொண்டையில் குழாய் வைத்த புண்ணோடு, அவர் தியேட்டரில் சொன்னதை நான் மெதுவாகத் திருப்பிச் சொன்னேன். எனக்கும்தான் வேர்க்குது, உங்களுக்கும்தான் வேர்க்குது. அலை பொய் சொல்லாது. இன்னும் குறைக்கலாம். ஏ.சி. வந்ததும் நடுக்கம் ஆரம்பிச்சுடுச்சு. ஒவ்வொன்றுக்கும் அவர் விரல் காகிதத்தில் அந்தந்த இடத்துக்குப் போனது. எனக்கு மிக வலித்த இடத்தில்தான் மலை மிக உயரமாக இருந்தது.

"வேர்வை," என்றார். "நான் வேர்வையைப் படிச்சுக்கிட்டிருந்திருக்கேன்."

அய்யாசாமி எழுந்து நின்றார். அடித்துவிடுவார் என்று பயந்தேன். அவர், "அந்தக் கடைசியில வந்துச்சே, கோழி, அது இன்னா நைனா?" என்று மட்டும் கேட்டார்.

"அது ஏ.சி. இல்லங்க. அது அவங்கதான்."

 பாஸ்கல் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். டெல்லி மாநாட்டுக்கு அவர் போகவில்லை என்று பிறகு ஞானகுமாரி சொன்னாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். வயிற்றில் வைத்திருந்த குழாய் வழியாக மருந்து செலுத்திப் படம் எடுத்தபோது ஒரு கல் பித்தக் குழாயிலேயே தங்கியிருப்பது தெரிந்தது. வேர்வையில் சர்ஜன் கண்ணுக்குத் தப்பிய கல். மஞ்சள் மறுபடி ஏறியது. காய்ச்சலும் வந்தது. திரும்பவும் திறக்க வேண்டும்.

பாஸ்கல் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். இந்தச் சில நாட்களில் ஆளே இளைத்திருந்தார்.

"இந்தத் தடவை மெஷின் வேண்டாம். உங்க முகத்தையே பாத்துக்கிட்டிருப்பேன். ஒரு நொடி கண்ணை எடுக்க மாட்டேன்."

"முதல் தடவையும் முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க டாக்டர்," என்றேன்.

 மருந்தை இரட்டிப்பாகக் கொடுக்கச் சொன்னேன். காய்ச்சலும் மஞ்சளும் இருக்கிற உடம்பில் அப்படிக் கொடுத்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள் என்றார். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யலாமே என்றார் அய்யாசாமி. விலா வரைக்கும் அது சரியாக ஏறாது என்றார் பாஸ்கல். பிறகு போய்விட்டு, அன்று சாயந்திரமே ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"மனநோய் ஆஸ்பத்திரியில மின்சாரம் வெக்கறப்போ இப்படி ஒண்ணு செய்வாங்க. உடம்பைக் கட்டற மருந்து ரத்தத்துல வர்றதுக்கு முன்னாடி இந்தப் பட்டையை உங்க வலது கையில இறுக்கிடறேன். அந்தக் கைக்கு மருந்து போகாது. அது மட்டும் அசையும். மருந்து போடறப்போ எல்லாம் இறுக்குவேன், நடுவுல தளர்த்துவேன். நீங்க முழிச்சிருந்தா அழுத்துங்க. உடம்பு பூரா கட்டினாலும் ஒரு கையை மட்டும் உயிரோட விட்டுடறேன்."

"யாரு பிடிச்சுக்குவாங்க?"

"நான் பிடிச்சுக்கறேன்க்கா," என்றாள் ஞானகுமாரி. "துணிக்கு அடியில கையைக் குடுத்துக்கினு கடைசி வரைக்கும் நிப்பேன். விடமாட்டேன். நான் காதாண்ட வந்து கேப்பேன். முழிப்பு இருந்தா ஒரு தடவை. வலிச்சா ரெண்டு தடவை."

அய்யாசாமி அவளிடம், "ஏம்மா, இது கை புடிச்சா உடாது. மாடு கயிறு இழுக்கற மாதிரி இருக்கும். பாத்துக்கோ," என்றார். எங்களுக்கு அன்று வந்த சிரிப்பு அது ஒன்றுதான்.

தியேட்டரில் ஏ.சி. ஓடியது. ஓரத்தில் அந்த மெஷின் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது. பட்டை இறுகி, கை துடித்து, விரல் நுனி குளிர்ந்தது. ஞானகுமாரியின் விரல்கள் என் விரல்களுக்குள் கோத்துக்கொண்டன. ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். அவளும் அழுத்தினாள். ஊசி ஏறியது.

கண் திறந்தால் வார்டு.

வெளிச்சம் ஜன்னலில் வந்திருந்தது. அய்யாசாமி என் காலடியில் உட்கார்ந்துகொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே தேடினேன். சத்தம் இருக்கிறதா, குரல் இருக்கிறதா, இரும்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. ஊசி, அப்புறம் ஜன்னல். நடுவில் வெறும் இருட்டு, அதுகூட இல்லை. நான் தூங்கியிருக்கிறேன். தூங்கினேன் என்று சொல்லி விம்மி விம்மி அழுதேன், தையல் வலிக்க வலிக்க. அய்யாசாமி கடலையைக் கீழே கொட்டிவிட்டு எழுந்து வந்து என் தலையைத் தடவினார்.

"அவ்ளோதான், அவ்ளோதான். கல்லும் வந்துட்ச்சு. முழுக் கொட்டப்பாக்கு சைசு. டாக்டரு பாட்டில்ல போட்டுக் குடுத்துகீறாரு, காட்டட்டா?"

"அது யாருக்குங்க வேணும். ஞானகுமாரி எங்க? அவளைக் கூப்பிடுங்க."

ஞானகுமாரி வரவில்லை. வேறு நர்ஸ்கள் வந்தார்கள், ஊசி போட்டார்கள், சூடு பார்த்தார்கள். பாஸ்கல் வந்தார். ரொம்ப நல்லா இருக்கீங்க என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. ஞாபகம் ஏதாவது என்று கேட்டார். இல்லை என்றேன். "ஒண்ணுமே?" "ஒண்ணுமே இல்ல டாக்டர்." "நல்லது," என்றார். சந்தோஷப்பட வேண்டிய மனிதர், மெல்ல மூச்சை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் அய்யாசாமி கஞ்சி வாங்கப் போயிருந்தபோது ஞானகுமாரி வந்தாள். வலது கையை வெள்ளைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தாள்.

"எங்க போயிட்டே? உனக்குத்தான் கும்பிடு போடணும்னு இருந்தேன்."

"வேற வார்டுல டூட்டிக்கா."

"நான் நல்லாத் தூங்கிட்டேன் தெரியுமா? ஒண்ணுமே தெரியல."

அவள் இடது கையால் என் போர்வையை இழுத்துவிட்டாள்.

"கையைக் காட்டு," என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் மாட்டேன் என்று தலையசைத்தாள். பிறகு எடுத்தாள். புறங்கை நெடுகப் பிறை பிறையாக நகம் பதிந்த புண்கள். சிலது கறுத்துக் காய்ந்திருந்தது, சிலதில் இன்னும் சிவப்பு இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. என் விரல்களை அதன்மேல் வைத்தேன். பொருந்தியது.

"நான் பேசறது கேக்குதாக்கான்னு கேட்டேன்," என்றாள் மெதுவாக. "ஒரு தடவை அழுத்தினீங்க. சந்தேகமா இருந்துச்சு. திரும்பக் கேட்டேன். திரும்ப ஒரு தடவை. டாக்டர் வாயுவைக் கூட்டினாரு. திரும்பக் கேட்டேன்."

"வலிக்குதான்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னேன்?"

அவள் என் விரல்களை இரண்டு தடவை அழுத்தினாள். கண் நிறைந்தது.

"எவ்வளவு நேரம்?"

"அவரு கூட்டக் கூட்டக் கொஞ்சம் நிக்கும். அப்புறம் திரும்ப வரும். அதுக்கு மேல குடுத்தா ஆளே போயிடுவாங்கன்னு டாக்டர் அழுதுகினே சொன்னாரு. தையல் போடற வரைக்கும் நீங்க என் கையை விடவே இல்லக்கா."

எனக்கு உள்ளே மறுபடி தேடத் தோன்றியது. தேடினேன். ஊசி, ஜன்னல். நடுவில் எதுவும் இல்லை. என் கை என் மடியில் கிடந்தது. வேறு யாருடைய கையோ போல அதைப் பார்த்தேன். ஒண்ணுமே தெரியல என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே தூங்கும் அங்கம்மா நினைவுக்கு வந்தார்.

கஞ்சிப் பாத்திரத்தோடு அய்யாசாமி உள்ளே வந்தார். வெயிலில் வந்த முகம், ஆனால் சிரிப்பு.

"இன்னா சிஸ்டர், ஆளையே காணோம்? எங்க வீட்டம்மா ஒரே உன் பேச்சுதான். நல்லாத் தூங்குச்சா, சொல்லு?"

ஞானகுமாரி என்னைப் பார்த்தாள். கையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நல்லாத் தூங்கினாங்கண்ணா," என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். நானும் தலையசைத்தேன். எனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும் அது பொய்யில்லை.